ஆன்லைன் கோர்ஸில் விவாதப் பதிவு கட்டாயமா?

சித்தூர்ப்புழை:
நான் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா சித்தூர் இல்லை. தோப்பு வேலை முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் படிக்க உட்காருவேன். இப்போது நீர் மேலாண்மை பற்றி ஒரு ஆன்லைன் கோர்ஸ். வாரம் ஒரு பதிவு, மற்றவர்களுக்கு இரண்டு பதில், கட்டாயம், அதற்கு மார்க். போன வாரம் பாதிப் பேர் எழுதியது 'நீரின்றி உலகில்லை' என்பதுதான். அதன் கீழே 'அருமை, ஒத்துக்கொள்கிறேன்' என்று வரிசையாக. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்களில் அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் விவாதப் பகுதியில் கேட்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எல்லா கோர்ஸும் அப்படியே இருக்கட்டும்.

நகரி டீச்சர்:
தம்பி, மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளமான ஸ்வயத்தில் பாடம் என்றாலே நாலு பகுதி: வீடியோ, படிக்கும் பாடம், சுயசோதனை, நாலாவதாக விவாதம். பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்கிற கேள்வி வீடியோவில் வராது, அதற்குத்தான் அந்த நாலாவது. நான் பி.எட். பிள்ளைகளின் பதிவுகளைத் திருத்துகிறவள். கட்டாயம் இல்லாவிட்டால் நாலு பேர் மட்டும்தான் பேசுவார்கள், கூச்சப்படுகிற பிள்ளை கடைசிவரை வாய் திறக்காது. சரி, நீங்கள் எழுதியதை இங்கே போடுங்கள்.

சித்தூர்ப்புழை:
'நதிநீர்ப் பங்கீட்டில் மாநிலங்களின் ஒத்துழைப்பு மிக அவசியம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.' இன்னும் இருநூறு வார்த்தை இதே மாதிரிதான்.

நகரி டீச்சர்:
இதற்கு 'ஆமாம்' என்பதைத் தவிர யார் என்ன சொல்ல முடியும்? உங்கள் வயலுக்கு அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது, அதைச் சொல்லுங்கள்.

சித்தூர்ப்புழை:
அந்தத் திட்டத்தின் ஒப்பந்தப்படி தமிழ்நாடு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி), மணக்கடவு அணைக்கட்டில் அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். ஆனால் வருஷக் கணக்கு வேறு, பயிர்க் கணக்கு வேறு டீச்சர். மொத்தத்தில் சரியாக வந்தாலும், நெல் கதிர் விடுகிற பதினைந்து நாளில் வாய்க்கால் காய்ந்தால் எல்லாம் பதர்தான். கையில் எடுத்து நசுக்கினால் பால் இருக்காது, வெறும் உமி.

நகரி டீச்சர்:
இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்! 'வருஷக் கணக்கு வேறு, பயிர்க் கணக்கு வேறு' என்பதை முதல் வரியாக வையுங்கள். யாராவது மறுக்கலாம், மறுக்கட்டும். அடுத்து அந்தப் பதர். கடைசியில், மேலே பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைக்காரர்களுக்கு எந்த மாசம் தண்ணீர் முக்கியம் என்று கேளுங்கள். அங்கே இருக்கிறவர்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நூறு வார்த்தை போதும்.

மூணாறு லயம்:
டீச்சர், நூறு போதும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எங்கள் கோர்ஸில் குறைந்தது 250, அதுவும் ஆங்கிலத்தில். லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், ரேஞ்ச் இல்லை, மேட்டுக்கு ஏறித்தான் போட வேண்டும். ஒருமுறை டைப் செய்த அத்தனையும் பக்கம் புதிதாகத் திறந்ததில் போய்விட்டது. அப்புறம் நோட்டில் தமிழில் எழுதிவைத்து, அதைப் பார்த்து ஆங்கிலமாக்கிப் போடுகிறேன். வார்த்தையை எண்ண ஆரம்பித்தால் விஷயம் நீர்த்துப்போகிறது. இதில் நான் சித்தூர் அண்ணன் பக்கம்.
ஆனால் ஒன்று. தேயிலைத் தோட்டக் கூலி பற்றி நான் எழுதியதற்கு எங்கோ இருக்கிற ஒருவர், 'கையால் பறிப்பதற்கும் கத்தரியால் வெட்டுவதற்கும் எடை எப்படி மாறும்?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அரைமணி நேரம் சொன்னார், கத்தரி பிடித்துத் தோள் வலிப்பது வரை. இத்தனை வருஷம் அதை நான் கேட்டதே இல்லை. அவர் போட்ட அந்த ஒற்றை வரிப் பதிலுக்கு அந்த கோர்ஸில் மார்க் கிடையாது, ஐம்பது வார்த்தைக்குக் குறைவு.

நகரி டீச்சர்:
அது தப்புதான் அம்மா. வார்த்தைக் கணக்கை நானும் எடுத்துவிடுகிறேன். கட்டாயத்தை எடுக்க மாட்டேன். கட்டாயம் என்பதால்தானே நீயும் அன்றைக்கு எழுதினாய்?

சித்தூர்ப்புழை:
மார்க்குக்காக எழுத வைப்பது தப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனாலும் பழைய பதிவை அழித்துவிட்டு, டீச்சர் சொன்ன மாதிரி எழுதிப் போட்டிருக்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்: பொள்ளாச்சிப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? தென்னைக்கு எந்த மாசம்?

ஆனைமலைக்காரன்:
தென்னை மட்டும் என்று யாருங்க சொன்னது? ஆழியாறு பழைய ஆயக்கட்டில், அதாவது பழைய பாசன நிலத்தில், எங்களுக்கும் நெல்தான். நீங்கள் நாற்று விடுவது எந்த மாசம் என்று சொல்லுங்க, ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.