தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் வேட்டை: தெரியாத பொது நிலத்துக்குக் குறைந்த செலவில் முதல் பயணம்

மினசோட்டா, அயோவா பக்கம் புதிதாகக் குடிவந்து, பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவுக்கு ஃபெசன்ட் (கோழி இனத்துக் காட்டுப் பறவை) வேட்டைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்காக இது. துப்பாக்கிக்கு முன்னால் விசாவைப் பார்க்க வேண்டும்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நமக்குப் பொருந்தக்கூடிய முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்காவில் முறையாக வாங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாமல் நண்பருடைய துப்பாக்கியை ஒரு மணி நேரம் வாங்கிப் பழகிப் பார்ப்பதும் இந்தத் தடையில் அடங்கும். அதனால் முதலில் ஹன்டர் சேஃப்டி (வேட்டைப் பாதுகாப்பு) வகுப்பு, அடுத்து லைசென்ஸ், அதன் பிறகே துப்பாக்கி. பயணம் முடிந்து துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருக்கும்போது லைசென்ஸ் தேதி முடிந்துவிட்டால் சிக்கல் அன்றே தொடங்கிவிடும். 15 ஆண்டு வரை சிறை, நாடு கடத்தல் என்று போகக்கூடிய விஷயம் இது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

தெற்கு டகோட்டாவில் வெளிமாநிலத்தவருக்கான ஸ்மால் கேம் (சிறு விலங்கு, பறவை வேட்டை) லைசென்ஸ் நூறு டாலரைத் தாண்டும். அது இரண்டு 5 நாள் தவணையாக வரும், தேதியை வாங்கும்போதே சொல்ல வேண்டும். வார இறுதிக்காக 2 நாள் போய்வந்தால் ஒரு தவணையே வீண். சீசன் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை ஓடுகிறது. தொடக்க வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது. மோட்டல் வாடகை உச்சத்தில் இருக்கும், மக்காச்சோளம் அறுவடையாகாமல் நிற்கும், பறவைகள் அந்தச் சோளத்துக்குள்தான் கிடக்கும். நவம்பர் நடுவில் திங்கள் முதல் வெள்ளி வரை, ஒரே காரில் மூன்று பேர், பறவை சுத்தம் செய்ய இடமும் ஃப்ரீசரும் உள்ள மோட்டல்: இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு அமைவது கஷ்டம். அபர்டீன் அல்லது ஹியூரானில் தங்கினால் சுற்றிலும் நிறையப் பொது நிலம் இருக்கிறது.

பணம் கரைவது பெரும்பாலும் பெட்ரோலில். தெரியாத ஊரில் "அடுத்த இடம் நன்றாக இருக்குமோ" என்று ஓட்டிக்கொண்டே இருப்பதால் அப்படி ஆகிறது. கிளம்புவதற்கு முன்பே மாநில வேட்டைத் துறையின் வரைபடத்தில் மோட்டலிலிருந்து 30 மைலுக்குள் 15 இடங்களைக் குறித்து, ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். வாக்-இன் ஏரியா என்பது தனியார் நிலம். அரசு குத்தகைக்கு எடுத்து, நடந்து போய் வேட்டையாட மட்டும் திறந்துவிட்டிருக்கிறது. கேம் புரொடக்‌ஷன் ஏரியா மாநிலத்துக்குச் சொந்தமான வேட்டை நிலம், வாட்டர்ஃபவுல் புரொடக்‌ஷன் ஏரியா கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான நீர்ப்பறவை நிலம். செயற்கைக்கோள் படத்தில் புல், சம்பங்கோரைச் சதுப்பு, அறுவடையான சோளக்கொல்லை மூன்றும் ஒட்டியிருக்கும் இடமாகப் பாருங்கள். தீனியும் மறைவும் பக்கத்தில் இல்லாத வெறும் புல்வெளி, எத்தனை ஏக்கர் இருந்தாலும் கால்வலிதான் மிச்சம்.

சுடும் நேரம் மத்திய நேரப்படி காலை 10 மணி முதல் சூரிய அஸ்தமனம் வரை. 8 மணிக்கே கிளம்பி, குறித்த இடங்களில் எங்கே வேறு வண்டி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். உயரமான காய்ந்த புல்லில் காரை நிறுத்தாதீர்கள், சூடான புகைக்குழாயிலிருந்து தீப்பிடிக்கும். மழை பெய்தால் சரளை போடாத மண் பாதையில் செடானை இறக்கவே வேண்டாம்.

தோட்டா விஷயத்தில் ஒரே முடிவு போதும்: எல்லாம் ஸ்டீல் குண்டு. வாட்டர்ஃபவுல் புரொடக்‌ஷன் ஏரியாவில் ஈயக் குண்டைப் பையில் வைத்திருப்பதே தவறு. 12 கேஜ் (குழாய் அளவு) துப்பாக்கிக்கு 2¾ அங்குலத் தோட்டா, 3 அல்லது 4 நம்பர் அளவுக் குண்டு, ஆளுக்கு 50 தோட்டா. சோக் (குழாய் முனையின் குறுக்கம்) இம்ப்ரூவ்டு சிலிண்டர் அல்லது மாடிஃபைடு. இரவல் வாங்கிய பழைய துப்பாக்கி ஸ்டீலுக்கு ஏற்றதுதானா என்று கட்டாயம் கேளுங்கள், ஏற்காத குழாய் வீங்கிவிடும். ஆரஞ்சுத் தொப்பியும் மேலங்கியும் இல்லாமல் யாரும் புல்லில் இறங்கக் கூடாது.

— அண்ணா, எங்களிடம் நாய் இல்லை. அப்படியும் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. ஆனால் பெரிய நிலத்தை விட்டுவிடுங்கள். ஓடை ஓரம், மர வரிசை, சதுப்பின் விளிம்பு மாதிரி 20, 30 அடி அகலமுள்ள பட்டைகளை எடுங்கள். ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடவே விரும்பும். ஒருவர் முன்கூட்டியே சத்தமில்லாமல் கடைசி முனைக்குப் போய் நிற்கட்டும், மற்ற இருவர் காற்றை எதிர்கொண்டு மெதுவாக நடக்கட்டும். முனையில் நிற்பவர் எங்கே என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், தாழப் பறப்பதைச் சுடவே கூடாது. முப்பது அடிக்கு ஒரு தரம் அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அந்த நிசப்தம்தான் பதுங்கியிருக்கும் சேவலைக் கிளப்பும். கார் கதவை அறைந்து சாத்தினால் மறுமுனை வழியாக அப்போதே ஓடிப்போகும்.

கோரைக்குள் விழும்படி சுடாதீர்கள். இறக்கையில் மட்டும் அடிபட்ட சேவல் ஓடி ஒளிந்துவிடும், நாய் இல்லாமல் எடுக்க முடியாது. குட்டையான புல் பக்கம் வந்த பிறகு சுட்டு, விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒருவர் நேராகப் போக வேண்டும். அடிபட்ட உயிரைத் தேடாமல் விடுவது வேட்டை இல்லை. பெட்டையைச் சுடவே கூடாது. வெள்ளைக் கழுத்து வளையமும் நீள வாலும் தெரியாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்துங்கள்.

— எத்தனை எடுத்து வரலாம்? வீட்டுக்குக் கொண்டுவரும் முறை?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 சேவல், கையிருப்பு மொத்தம் 15. அவரவர் பறவை அவரவர் பையில் பெயரெழுதி இருக்கட்டும். வீடு சேரும் வரை தலை, இறகோடு கூடிய இறக்கை, கால் ஆகியவற்றில் ஒன்று உடம்போடு இருக்க வேண்டும், வழியில் அதிகாரி நிறுத்தினால் சேவல்தான் என்று காட்ட. அன்றன்றே குடலை எடுத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். குண்டு புகுந்த ஓட்டையில் இறகும் சேர்ந்து போயிருக்கும், விரலால் தடவி எடுத்துவிடுங்கள். ஸ்டீல் குண்டு ஒன்று தப்பினாலும் பல் உடையும்.

கொழுப்பில்லாத கறி, அதனால் நெஞ்சுக்கறியைச் சீக்கிரம் வதக்கி இறக்கிவிட வேண்டும். தொடையை நல்லெண்ணெய், மிளகு, சின்ன வெங்காயத்தோடு குக்கரில் வேகவையுங்கள். முழங்காலுக்குக் கீழே குச்சி குச்சியாக நரம்பு இருக்கும், அதைக் குழம்பில் போட வேண்டாம், ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.