காரைக்குடியிலிருந்து கப்பலில் ஆபீஸ் சாமான்: அனுப்பியவர்களின் அனுபவம்

காரைக்குடி

கோலாலம்பூரில் கணக்கு அலுவலகம் நடத்தும் சொந்தக்காரர் ஒருவருக்கு வருஷாவருஷம் நான் இங்கிருந்து ஸ்டேஷனரி அனுப்புகிறேன். துணி பைண்டிங் போட்ட நீளப் பேரேடு, சிவகாசி நோட்டு, பாக்ஸ் ஃபைல், ஸ்டாம்ப் பேடு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் தூத்துக்குடி வழியாகப் போகும். கப்பலில் அனுப்ப நினைப்பவர்கள் விலையை எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சரக்கு ஒரு முழு கன்டெய்னருக்கு வராது என்றால் எல்சிஎல் முறையில் பல பேர் சரக்கோடு சேர்ந்து போகும். அதற்கு சிபிஎம், அதாவது கன மீட்டர் கணக்கு. ஒரு கன மீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, எது அதிகமோ அதற்குக் காசு. அரை கன மீட்டர் சரக்குதான் இருக்கிறது என்றாலும் பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்கு வாங்கிவிடுவார்கள். ஏஜென்ட் சொல்லும் வாடகை ரொம்பக் குறைவாக இருக்கும். சில சமயம் வாடகையே வேண்டாம் என்பார்கள். அதைக் கேட்டு சந்தோஷப்படாதீர்கள். அந்தக் காசு இறங்கும் துறைமுகத்தில், சரக்கை எடுக்கப் போகிறவர் தலையில் விழும். டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்கும் சீட்டு) கட்டணம், கிடங்குக் கூலி, ஆவணக் கட்டணம், சுங்கம் முடித்துத் தரும் கிளியரிங், லாரி என்று வரிசையாக வரும். எங்கள் சொந்தக்காரர் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கட்டியது இங்கே நாங்கள் கட்டிய கப்பல் வாடகையைப் போலப் பல மடங்கு. சாமான் அனுப்பிய நமக்கு அது தெரியவே தெரியாது, வாங்குகிறவர்தான் திண்டாடுவார். அதனால் இந்தப் பக்கச் செலவு, அந்தப் பக்கச் செலவு இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்காமல் புக்கிங் கொடுக்கவே கூடாது. எழுதித் தர மறுக்கிற ஏஜென்டை நான் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

எதை அனுப்புகிறோம் என்பதும் பெரிய விஷயம். 75 ஜிஎஸ்எம் ஏ4 பேப்பர் ஒரு ரீம் சுமார் 2.3 கிலோ. பத்து ரீம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். மலேசியாவில் எந்தத் தெருவிலும் கிடைக்கிற சாமான் அது, இங்கிருந்து அனுப்புவது வீண். பாக்ஸ் ஃபைலை மடித்துத் தட்டையாக அனுப்புங்கள், நிமிர்த்தி வைத்தால் காற்றுக்குத்தான் காசு கொடுப்போம். பேரேடு மட்டும் இங்கிருந்துதான் போக வேண்டும். நீளவாக்கில், சிவப்புத் துணி ஒட்டி, பற்று வரவுக்குக் கோடு போட்டு இப்படிச் செய்து தர எங்கள் சொந்தக்காரருக்கு அங்கே ஆள் கிடைக்கவில்லை.

அந்தப் பேரேட்டுக்கு எமன் ஈரம். பகலில் கன்டெய்னர் கொதிக்கும், ராத்திரி ஆறும். உள்ளே இருக்கிற ஈரக்காற்று கூரைத் தகட்டில் வியர்த்துச் சொட்டும். ஐப்பசி மழையில் ஏற்றிய ஒரு சரக்கின் படத்தைச் சொந்தக்காரர் அனுப்பினார். அட்டை உப்பி, கோந்து விட்டு, சிவப்புத் துணியின் சாயம் தாள் ஓரத்தில் ஊறியிருந்தது. உள்பக்கத்தில் கோடு போட்ட இடம் வரைக்கும் ஒரு விரல் அகலத்துக்கு ரோஸ் நிறம். கணக்கு எழுதும் புத்தகம், அப்படியே ஒதுக்க வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பேரேட்டுக் கட்டையும் தடிமனான பாலிதீன் பையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் வைத்து, வாயை ஒட்டி, அப்புறம்தான் அட்டைப்பெட்டி. பெட்டி தரையில் படக்கூடாது, பேலட் என்கிற அடித்தட்டின் மேல்தான். பைண்டிங் காய்ந்து நாலு நாளாவது ஆகாமல் பேக் செய்யவும் விடுவதில்லை.

நகரத்தார் கடல் தாண்டிக் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன மேலாள் (கடையை நடத்துபவர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்த உதவியாள்) எல்லாம் கணக்குப் புத்தகத்தை உயிர்போலப் பார்த்தவர்கள். அந்த ஊர்க்காரர்களாகிய நாம் நனைந்த பேரேட்டை அனுப்பலாமா?

பள்ளத்தூர், இப்போது தூத்துக்குடியில் கிளியரிங் வேலை

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் மேசைக்கு வரும் பேக்கிங் லிஸ்டில் ‘ஆபீஸ் சாமான், 14 பெட்டி’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. ஒவ்வொரு வகைச் சாமானுக்கும் அதற்குரிய எச்எஸ் கோடு, அதாவது சுங்கத்துக்குச் சாமானின் வகையைக் காட்டும் எண், வேண்டும். பேரேடு, நோட்டு 4820. ஸ்டேப்ளர் பின், கிளிப் 8305. பேனா 9608. ஸ்டாம்ப் பேடு 9612. இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்டிலும் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கணக்கில் ஒரு பெட்டி இடித்தாலும் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். ஐஇசி எண்ணும் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான எண்), வங்கியின் ஏடி கோடு (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்) பதிவும் இல்லாமல் வியாபாரச் சரக்குக்கு ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்கான ஏற்றுமதிப் பத்திரம், போட முடியாது.

ஒயிட்னர், மார்க்கர் பேனா, மை பாட்டில் இவற்றை மற்றதோடு கலந்து கட்டாதீர்கள். பல ஒயிட்னரில் எளிதில் தீப்பிடிக்கும் திரவம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி உள்ள சாமான் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு பெட்டி உள்ளே போனால் அதே கன்டெய்னரில் இருக்கும் மற்றவர்கள் சரக்கும் நிற்கும். யாரோ ஒருவருடைய அலட்சியத்துக்குப் பாவம் இன்னொரு கடைக்காரர் காத்துக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மர பேலட் என்றால் மரப்பூச்சி சாக 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, அதற்கு அடையாளமான கோதுமைக் கதிர் முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். பட்டறையில் ஆணி அடித்துக் கொண்டுவரும் சாதாரணப் பேலட்டை ஏற்றமாட்டோம்.

கானாடுகாத்தான்

சிங்கப்பூரில் அலுவலகம் திறந்த தம்பி மகன், எங்கள் ஐயா பினாங்கில் அடுத்தாளாக இருந்தபோது வைத்திருந்த சாய்வு மேசையும் கைப்பெட்டியும் தனக்கு வேண்டும் என்றான். பழைய சாமான் தானே, அட்டை சுற்றி அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லவேளை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். நூறு வருஷத்தைத் தாண்டிய கலைப்பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள், அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று அவர்தான் சொன்னார். பழைய ஏடு, கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருஷமே போதும். ஐயாவின் கணக்கு ஏடுகளை அதனால் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

மேசைக்கும் பெட்டிக்கும் மத்திய தொல்லியல் துறையிடம் படத்தோடு விண்ணப்பித்து, தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே புக்கிங் கொடுத்தோம். சான்றிதழ் வருமுன் கப்பல் தேதி குறித்துவிடாதீர்கள் ஆச்சிமாரே, சரக்கு கிடங்கில் கிடக்கிற நாளுக்கெல்லாம் வாடகை ஏறும்.

காரைக்குடி

தூத்துக்குடித் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். கிள்ளானுக்குக் கப்பல் சீக்கிரம் போய்விடுகிறது, அசல் பி.எல். (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல்காரர் தரும் பில் ஆஃப் லேடிங்) கூரியரில் பின்னால்தான் போகிறது. அதுவரை சரக்கு அங்கே நிற்கிறதே?

பள்ளத்தூர்

பணம் வந்துவிட்டதா, அல்லது சொந்தக்காரர்தானே, நம்பிக்கை உண்டா? அப்படியானால் பி.எல்.-ஐ இங்கேயே கப்பல்காரரிடம் திருப்பிக் கொடுத்து சரண்டர் செய்துவிடுங்கள் அண்ணே. அங்கே அசல் தாள் இல்லாமலே எடுத்துக்கொள்வார்கள். காசு வராத புது ஆளுக்கு மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள், அசல் உங்கள் கையில் இருக்கும் வரைதான் சரக்கு உங்களுடையது.