மறுமொழி: வெட்டி ஒட்டிய சிற்றுருவுக்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம். சிற்றுரு என்று நாம் சொல்லும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் படைவீரரை வெட்டி ஒட்டி வேறு ஆளாக மாற்றுவதற்கு என்ன சொல் வைக்கலாம் என்று குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். சேர் எழுதியது இது:

> ‘உருமாற்றம்’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் சேர், ஆனால் வேறொன்று விளங்கும். உருமாற்றம் என்றதும் எனக்கு மயிர்க்கொட்டி வண்ணத்துப்பூச்சியாவதுதான் நினைவுக்கு வருகிறது. அது உள்ளிருந்து தானாக நடப்பது. நாங்கள் செய்வது அப்படியல்ல. ஒருவனின் தலையை வெட்டி இன்னொருவனின் கழுத்தில் வைக்கிறோம்.

ஆரையம்பதியில் என் மேசையில் இப்போது இருப்பது ஏர்பிக்ஸ் என்ற பொம்மை மாதிரி நிறுவனத்தின் பழைய பெட்டி ஒன்று, ரோமக் காலாட்படை. 72இல் ஒரு பங்கு அளவு. ஓர் ஆள் ஏறக்குறைய இரண்டரை சென்றிமீற்றர். இவர்களை, ரோமரோடு போரிட்ட வட ஆபிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹனிபலின் படைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வரலாறே அதற்கு இடம் தருகிறது. கி.மு. 217இல் இத்தாலியின் திரசிமேனோ ஏரிக்கரையில் வென்ற ஹனிபல், ரோமரிடம் பறித்த ஆயுதங்களைத் தன் ஆபிரிக்கக் காலாட்படைக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு கன்னேப் போரில் அவர்களைப் பார்ப்பவர் ரோமப் படை என்றே எண்ணியிருப்பார் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

ஆனால் பெட்டியில் இருப்பவர்கள் ஹனிபலுக்குப் பிந்திய பேரரசுக் காலத்தவர். பட்டைக் கவசம், நீள்சதுரக் கேடயம். எனக்கு வேண்டியது வளையக் கவசமும் நீள்வட்டக் கேடயமும். கேடயத்தின் மூலைகளை வெட்டினேன். பட்டைகளைப் பிளேட்டால் சீவினேன். அரம் போட்டால் இந்தப் பிளாஸ்டிக் பஞ்சு பஞ்சாக எழும்பும். மேலே எப்பொக்சிக் களிம்பை மெல்லிதாக அப்பி, ஊசி முனையால் குத்திக் குத்தி வளையங்களாக்கினேன். ஒரு மார்புக்கு அரை மணித்தியாலம் போகிறது, போகட்டும். தலை வேறொரு பெட்டியிலிருந்து. பிளாஸ்டிக் மெழுகுபோல வழுக்குவதால் சூப்பர் குளூவை மட்டும் நம்ப முடியாது; கழுத்திலும் தலையிலும் துளையிட்டு மெல்லிய கம்பி செருக வேண்டும்.

கம்பி செருகிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டின் பின்னால் நிற்கும் ஒட்டு மாமரம் கண்ணில் பட்டது. அடி ஒரு மரம், மேலே வைத்துக் கட்டியது இன்னொரு மரம், இப்போது காய்ப்பது ஒரே மரம். அதனால் ‘ஒட்டுரு’ என்கிறேன். நாம் ஏற்கனவே ஒத்துக்கொண்ட ‘சிற்றுரு’வோடு ஓசையும் சேர்கிறது. வேலைக்குப் பெயர் ‘ஒட்டுருவாக்கம்’.

அப்புறம் ஒன்று. இந்தச் சிற்றுருப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடுவதைப் ‘போர் விளையாட்டு’ என்று சொல்ல எங்கள் பக்கத்தில் மனம் வராது என்று முன்பு எழுதியிருந்தேன். ‘படையாட்டம்’ என்று மாற்றியதற்குக் குழுவுக்கு நன்றி.

* * *

தம்பிக்கு,

சொல் பிடித்திருக்கிறது. விவசாயம் படிப்பித்தவனுக்குப் பிடிக்காமல் போகுமா? உடம்பை ‘ஒட்டுக்கட்டை’ என்றும் தலையை ‘ஒட்டுக்கிளை’ என்றும் சொல்லிவிட்டால் செய்முறை எழுதுவதும் சுலபம்.

ஆனால் இரண்டு தடை. துண்டு துண்டாக வரும் சிற்றுருவைப் பசை போட்டுச் சேர்ப்பவரும் தான் செய்தது ஒட்டுரு என்பார். மற்றது, மூலை வெட்டிய உங்கள் கேடயம். அங்கே வெட்டு இருக்கிறது, ஒட்டு எங்கே?

அக்கரைப்பற்றிலிருந்து.

* * *

சேர்,

முறிந்த கொப்பை அதே மரத்தில் வைத்துக் கட்டினால் ஊரில் யாரும் அதை ஒட்டுமரம் என்பதில்லை. வேற்று மரத்தின் கொப்பு வந்தால்தான் ஒட்டு. அதே பெட்டித் துண்டுகளைச் சேர்ப்பது வெறும் ‘பொருத்தல்’.

இரண்டாவது தடை சரி. என் சொல் அதைத் தாங்காது. வேற்றுறுப்பு சேராமல் சீவியும் வெட்டியும் களிம்பு அப்பியும் மாற்றியதை ‘திருத்துரு’ எனலாமா? அப்படியானால் என் ஆபிரிக்கர் திருத்திய உடம்பில் ஒட்டிய தலை கொண்டவர்கள். ஒட்டு இருப்பதால் ஒட்டுரு என்றே பட்டியலில் போடுவேன்.

வண்ணத்துக்கும் இதே வழியில் யோசித்தேன். நீர்த்த கருஞ்சாயத்தை ஊற்றினால் அது மடிப்புகளில் போய்த் தங்குகிறது. ஆங்கிலத்தில் ‘வொஷ்’ என்பதை அப்படியே பெயர்த்துக் ‘கழுவல்’ என்றால் வண்ணம் போய்விடும் என்று புதியவர் நினைப்பார், ‘பள்ளப்பூச்சு’ என்போம். ஏறக்குறையக் காய்ந்த தூரிகையால் எழும்பிய இடங்களை மட்டும் தடவுவது ‘மேட்டுப்பூச்சு’. வயல்காரருக்கு மேடும் பள்ளமும் விளக்க வேண்டியதில்லை.

‘திருத்துரு’ பற்றி உங்கள் முடிவைச் சொல்லுங்கள் சேர். சொல்லும்வரை தலை வைக்காத பதினொரு பேரையும் அப்படியே வைத்திருக்கிறேன்.