உளுந்து பாக்கியை ரகசியக் குறிப்பு என்றார்கள். போனைத் திறக்கச் சொல்ல வாரண்ட் வேண்டாமா?

பெகுக்காரன் (2025 பிப்ரவரி):
அண்ணன்மாரே, அக்காமாரே, போன வாரம் நடந்தது இது. இங்கே பர்மாவில், கடைக்குச் சரக்கு எடுக்க பெகுவிலிருந்து ரங்கூன் போகிற பஸ். வழியில் சோதனைக்காக நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, போனைத் திறந்து கொடு என்றான் ஒருத்தன். என் தம்பி வயசுதான் இருக்கும். படங்களை மேலே தள்ளிக்கொண்டே போனான். பீலிக்கான் கோயிலில் அம்மா பால்குடம் எடுத்தது, மகளுக்கு மொட்டை போட்டது, எல்லாம் ஓடின. கடன் நோட்டை நான் போட்டோ எடுத்து வைப்பது வழக்கம். அங்கே வந்ததும் விரல் நின்றுவிட்டது. "செ.அக்கா உ3 து2 பாக்கி." இது என்ன எழுத்து, யாருக்குப் போன தகவல் என்றான். உளுந்து மூணு வீசை, துவரை ரெண்டு வீசை என்று பர்மாக்காரப் பேச்சில் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அப்புறம் விபிஎன் (தடை செய்த தளங்களைத் திறக்க உதவும் செயலி) கண்ணில் பட்டது. ஓரமாகக் கூப்பிட்டார்கள். கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீதெல்லாம் கிடையாது. 2017-ல் அந்தரங்கத்தைக் காக்க ஒரு சட்டம் போட்டார்களே, அது செத்துவிட்டதா?

மோல்மேன் குமாஸ்தா:
தம்பி, சாகவில்லை, பல் பிடுங்கின பாம்பாகக் கிடக்கிறது. 2017 மார்ச் 8-ல் வந்தது. 8-ஆம் பிரிவில்தான் விஷயமெல்லாம்: வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது, பேச்சை ஒட்டுக் கேட்கக் கூடாது, போன் கம்பெனியிடம் உன் விவரத்தைக் கேட்டு வாங்கக் கூடாது. 7-ஆம் பிரிவு, கோர்ட் உத்தரவில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் யாரையும் அடைத்து வைக்கக் கூடாது என்றது. ஆட்சியைப் பிடித்த ராணுவத்தார் 2021 பிப்ரவரி 13 அன்று 5, 7, 8 மூன்றையும் நிறுத்தி வைத்தார்கள். மறுநாளே, பயமும் பொய்ச் செய்தியும் பரப்புவது குற்றம் என்று குற்றவியல் சட்டத்தில் 505(அ) நுழைந்தது, மூன்று வருஷம் வரை சிறை. ஃபேஸ்புக்கைக் கிளறுவது இதற்காகத்தான். 2008 அரசியல் சாசனத்தின் 357-ஆவது பிரிவு கடிதப் போக்குவரத்துக்குக் காவல் என்கிறது. ஆனால் 'சட்டத்துக்கு உட்பட்டு' என்று ஒரு வாலும் அதற்கு உண்டு.

விபிஎன் கதை வேறு. 2025 ஜனவரி 1-ந் தேதி கையெழுத்தான சைபர் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்தேன். அனுமதியில்லாமல் விபிஎன் வலையமைப்பை அமைக்கிறவனுக்கும் அதன் சேவையை நடத்துகிறவனுக்கும் 1 முதல் 6 மாதம் சிறை, அல்லது 10 லட்சம் முதல் ஒரு கோடி கியாட் வரை அபராதம், இல்லை இரண்டும். கையெழுத்தானபோது அமலுக்கு வரும் தேதியைக்கூடச் சொல்லவில்லை. ரோட்டில் பணம் பிடுங்குவதோ 2024-லேயே ஆரம்பித்துவிட்டது. நீ கொடுத்தது அபராதம் இல்லை தம்பி. அதற்கு வேறு பேர் உண்டு, எழுதவில்லை.

தாம்வே கடைக்காரி:
ஐயா சொல்வது சரி. ஆனால் பிரிவு நம்பர் சொல்லி ரோட்டில் யார் தப்பித்தார்கள்? என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனார். ஒரு படம்கூட இல்லாமல் ஒரு போனா என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். இப்போது பயணத்துக்குப் பட்டன் போன்தான். கணக்கை நோட்டிலேயே வையுங்கள், பேரை முழுசாக எழுதுங்கள்.

சென்னை மருமகன்:
இங்கே 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

மோல்மேன் குமாஸ்தா:
அதே வருஷம்தான் மருமகனே. ரெண்டு பிள்ளையும் ஒரே வருஷத்தில் பிறந்தது. ஒன்றுக்குப் பல் பிடுங்கியபோது நாலு வயசுகூட நிறையவில்லை.

பெகுக்காரன்:
நன்றி ஐயா. அக்கா, முழுப் பேர் யோசனை நடக்காது போலிருக்கிறது. விஷயம் காதுக்கு எட்டியதும் அந்த 'செ.அக்கா' விடியற்காலையில் கடைக்கு வந்து பாக்கி மொத்தத்தையும் எண்ணி வைத்தார். மூணு மாசமாகக் கேட்ட பணம். "கணக்கு தீர்ந்தது, என்னை அந்தப் போனிலிருந்து எடுத்துடு" என்று, நான் அழிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார்.