வெட்டரன் தொடருக்கு ஒரு வரைவு: எங்கள் வீட்டுக் குழுவில் நடந்த பேச்சு

ஷெஃபீல்ட் மாமா: எல்லாரும் இருக்கிறீர்களா? பிரிட்டன் முழுவதற்குமாக வெட்டரன்களுக்கென்றே ஓர் ஓரியன்டீரிங் தொடர் நடத்தலாம் என்று இங்கே பேச்சு. முதல் வரைவை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கமிட்டிக்கு அனுப்பும் முன் உங்கள் காதில் போட்டுவிடுகிறேன். ஓடாதவர்களுக்கும் புரிகிற மாதிரி விதி இருக்க வேண்டும்.

அம்மா: மேப்பும் காம்பஸும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் கொடி தேடி ஓடுவீர்களே, அதுதானே தம்பி? வெட்டரன் என்றால் எத்தனை வயது?

ஷெஃபீல்ட் மாமா: அதேதான் அக்கா. 35-இல் ஆரம்பம். அப்புறம் ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு, ஆண் பெண் தனித்தனி. உலக மாஸ்டர்ஸ் போட்டியில் 90 வயதுப் பிரிவுகூட உண்டு.

சித்தி: 90 வயதிலா! அப்படியானால் பெரியவர்களுக்குப் பாதையோரமாகவே சுலபமாக வைத்துவிடுவீர்களா அண்ணா?

ஷெஃபீல்ட் மாமா: அதைச் செய்யவே கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். வயதுக்காகக் குறைக்க வேண்டியது தூரமும் ஏற்றமும். மேப் படிக்கிற கஷ்டத்தைக் குறைக்கக் கூடாது. இங்கே அந்தக் கஷ்டத்துக்கு 1 முதல் 5 வரை படிகள் உண்டு. 75 வயதுக்காரருக்கும் ஐந்தாம் படிதான் வேண்டும். பாதையை விட்டு விலகி, காண்டூர் கோடுகளை, அதாவது மேடு பள்ளத்தைக் காட்டும் சம உயரக் கோடுகளை மட்டும் நம்பி ஒரு சின்னப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கால் தளர்ந்த பிறகும் அந்தத் திறமை இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்காவிட்டால் அவர் எதற்காகக் காட்டுக்கு வர வேண்டும்?

மாமி: நானே பார்த்தேன் அண்ணி. என்னைவிட ரொம்ப மூத்த அம்மா ஒருவர். ஒரு பாறை பக்கத்தில் நின்றார், மேப்பைத் திருப்பி வடக்கைச் சரிபார்த்தார், காய்ந்த பெரணிப் புதருக்குள் நேராக நடந்தார். ஆரஞ்சு வெள்ளைக் கொடி அங்கேதான் இருந்தது. சுற்றிலும் சின்ன வயதுக்காரர்கள் மூன்று பேர் இன்னும் ஓடி ஓடித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான்: ஆனால் கண் பார்வை, மாமா? அந்த மேப்பில் எல்லாமே பொடிப்பொடியாக இருக்குமே.

ஷெஃபீல்ட் மாமா: இளைஞர்களுக்கு நெடுந்தூர ஓட்டத்தில் 1:15000. மூத்தவர்களுக்கு 1:10000, இன்னும் மூத்தவர்களுக்கு 1:7500. அதே மேப்தான், பெரிதாக அச்சடிப்போம். ஒரு சென்டிமீட்டருக்கு 75 மீட்டர். ஒரு கோடுகூடக் குறையாது.

சித்தி: சரி, எத்தனை சுற்று? எப்போது?

ஷெஃபீல்ட் மாமா: அங்கேதான் சிக்கல். கோடையில் பெரணி நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்துவிடும், காட்டுக்குள் நடக்கவே முடியாது. வசந்தத்தில் தரையில் கூடு கட்டும் பறவைகள் இருப்பதால் பல மேட்டுநிலங்களில் அனுமதி கிடைப்பது கஷ்டம். அதனால் செப்டம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் என்ன வயது ஆகியிருக்கும் என்பதை வைத்துத்தான் எங்கள் வயதுப் பிரிவு. ஜனவரி 1 அன்று பலர் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்கள்.

மாமா மகள்: தொடரின் நடுவிலா? அப்படியானால் முன்னால் எடுத்த புள்ளி எந்தப் பிரிவில் சேரும் அப்பா?

ஷெஃபீல்ட் மாமா: அதனால்தான் காலண்டர் ஆண்டுக்குள்ளேயே முடிக்கச் சொல்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு சுற்று. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நான்கு. ஆறில் சிறந்த நான்கு கணக்கில் வரும். முழங்கால் வலி, பேரன் பிறந்தநாள், ஸ்காட்லாந்து வரைக்குமான பயணம், எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

அம்மா: அவ்வளவு தூரம் போவதற்கு ஒரே ஒரு ஓட்டமா?

ஷெஃபீல்ட் மாமா: தூரமான இடமென்றால் சனி ஞாயிறு இரண்டு நாளும் வைப்போம். ஸ்காட்லாந்தின் வடக்கில் கல்பின் காடு இருக்கிறது. கடலோர மணல்மேடுகள் மேல் பைன் நட்டு வளர்த்த காடு. ஏற்றம் ரொம்பக் குறைவு, ஆனால் மேடும் பள்ளமும் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கும். மேப்பிலிருந்து அரை நிமிடம் கண்ணை எடுத்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. வெட்டரன்களுக்கு அதைவிட நல்ல காடு இந்த நாட்டில் இல்லை என்பேன்.

நான்: புள்ளி எப்படிப் போடுவீர்கள்?

ஷெஃபீல்ட் மாமா: பிரிவில் முதலில் வந்தவருக்கு 1000. மற்றவர்களுக்கு அவர் நேரத்தோடு ஒப்பிட்டு. அவர் 50 நிமிடம், நீ 62 நிமிடம் 30 விநாடி என்றால் உனக்கு 800.

சித்தி: 80 வயதுப் பெண்கள் பிரிவில் ஒருவர்தான் வந்தார் என்றால்? மெதுவாக நடந்து வந்தாலும் 1000 கிடைத்துவிடுமே அண்ணா.

மாமா மகள்: அத்தை சொல்வது சரி. ஒரே கோர்ஸில், அதாவது ஒரே வரிசைக் கொடிகளைத் தேடி, பல பிரிவுகள் ஓடுகின்றன இல்லையா அப்பா? பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கோர்ஸில் ஓடிய எல்லாரோடும் ஒப்பிட்டு, வயதுக்கு ஒரு சலுகை சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய முடிவுகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. எத்தனை சதவீதம் என்று நான் எடுத்துத் தருகிறேன்.

ஷெஃபீல்ட் மாமா: செய்மா. அந்த 1000 உண்மையாகச் சம்பாதித்ததாக இருந்தால்தான் அந்த அம்மாவுக்கும் மரியாதை.

அம்மா: எல்லாம் சரி. அந்த வயதில் காட்டுக்குள் தனியாக விழுந்துவிட்டால்?

மாமி: கையில் விசில் இருக்கும் அண்ணி. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். கேட்பவர் போட்டியை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். பாதியில் நிறுத்தினவரும் ஃபினிஷுக்கு வந்து மின்னணுச் சிப்பைப் பதிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். பதியாத பெயர் ஒன்று இருந்தால்கூடத் தேடப் போவார்கள்.

சித்தி: இன்னொன்று அண்ணா. காட்டில் கொடி வைத்துக் கோர்ஸ் போடுகிறவர்களும் உங்களைப் போன்ற வெட்டரன்கள்தானே? கொடி இருக்கும் இடம் தெரிந்தவர் ஓட முடியாது. அவர் புள்ளி போய்விடுமா?

ஷெஃபீல்ட் மாமா: நல்ல கேள்வி. சில கிளப் லீக்குகளில் அவருக்கு மற்றச் சுற்றுகளின் சராசரியைக் கொடுப்பார்கள். அதையே இங்கேயும் வைத்துவிடலாம். வருடத்துக்கு ஒரு சுற்றுக்கு மட்டும். இப்போதே சேர்க்கிறேன்.

மாமி: அந்த விதி இருந்தால் நவம்பர் சுற்றுக்குக் கோர்ஸ் போட நான் தயார். என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.