டோக்கன் காலாவதி, டெர்மினல் குழப்பம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குடந்தைக்காரன்:
நேரே விஷயத்துக்கு வருகிறேன். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் நுழையத் தருகிற தற்காலிகச் சாவிதான் டோக்கன், அதைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் அலுவலகத் தம்பி காலையில் ப்ரொடக்‌ஷன் ரோலை (நிஜச் சேவை ஓடும் அக்கவுண்டுக்குள் நுழையத் தற்காலிக உரிமை) எடுத்து, அதே ஷெல்லில், ஒரே டெர்மினலைப் பல பேன்களாகப் பிரிக்கும் டிமக்ஸைத் திறந்துவிட்டான். ரோலுக்கு 12 மணி நேரக் கெடு. மதியம் ஒரு பேனில் டெஸ்ட் அக்கவுண்ட் டோக்கனை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது ஷெல்லின் சூழலில் ஏற்றி, வேலை ஓடியது. அப்புறம் பழைய பக்கெட்களை (கோப்பு சேமிக்கும் இடங்கள்) அழிக்க வேண்டும் என்று பக்கத்திலேயே புதிதாக ஒரு பேன் திறந்தான். டெலீட் கட்டளை காப்பியாகித் தயாராக இருந்தது. "யாருன்னு ஒரு தடவை கேட்டுப் பாரு தம்பி" என்றேன், சும்மாதான். எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறோம் என்று காட்டும் கெட்-காலர்-ஐடென்டிட்டி கட்டளையை அடித்தான். ரோல் பெயரின் வாலில் 'ப்ராட்', அதாவது ப்ரொடக்‌ஷன். இடது பேனில் அடித்தால் 'டெஸ்ட்'. ஒரே திரை, ஒரே ஆள். இன்னும் மனசு ஆறவில்லை.

ஆரூர் தேர்முட்டி:
எனக்கு வேறு மாதிரி. போர்ட்டலிலிருந்து புது டோக்கன் எடுத்து ஒட்டிய கையோடு 'சிக்னேச்சர் எக்ஸ்பயர்டு', கையொப்பம் காலாவதியாம். திரும்ப எடுத்தாலும் அதேதான். ஐப்பசி மழை, கரண்ட் போய் லேப்டாப்பை மூடி வைத்திருந்தேன். விண்டோஸ் மூலையில் மணி 4:10. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-இல், மணி காட்டும் டேட் கட்டளையை அடித்தால் 2:05! லேப்டாப் தூங்கியபோது உள்ளே லினக்ஸ் கடிகாரம் நின்றிருக்கிறது. ஒவ்வொரு கட்டளையோடும் நேரம் போட்ட கையொப்பம் ஒன்று போகும், 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் பெரும்பாலும் ஏடபிள்யூஎஸ் அதை ஏற்காது. கடிகாரத்தைச் சரிசெய்ததும் அதே டோக்கன் ஓடியது. அதுவரை டோக்கனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாயவரத்தாள்:
வாட்ஸ்அப் குழுவில் டோக்கன் ஒட்டுகிற மேனேஜரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். "ஒரு மணி நேரத்துல செத்துடும், விடும்மா" என்றார். வேலையை விட்டுப் போனவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மேனேஜர் போனை வாங்கிப் பார்த்தால் டிக் நீலம். குழுவில் எல்லோரும் படித்தால்தானே நீலமாகும்?

கீழவாசல்:
மேனேஜரைச் சொல்லி என்ன பயன், எல்லா ஆபீஸிலும் அதே கதைதான். நான் பார்த்தது ஒரு வரி: பொதுச் சர்வரில் ஒருவருடைய பாஷ் ஹிஸ்டரியில் (ஷெல்லில் அடித்த கட்டளைகளின் பதிவு) சாவி அப்படியே கிடந்தது. ஆரம்ப எழுத்துகள் தற்காலிகச் சாவிக்குரிய ஏஎஸ்ஐஏ இல்லை, நிரந்தரச் சாவிக்குரிய ஏகேஐஏ. அதாவது தற்காலிகமே இல்லை, யாராவது அணைக்கும் வரை ஆயுசு.

அதனால் சொல்கிறேன். எக்ஸ்போர்ட்டை முதலில் விடுங்கள். எக்ஸ்போர்ட் செய்த சாவி அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் போகும். அதே யூசரும் ரூட்டும் லினக்ஸின் ப்ராக் ஃபோல்டரில் அந்த ப்ரோகிராமின் என்விரான் ஃபைலைத் திறந்தால் தெரியும். ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக் ஃபைலில் அக்கவுண்டுக்கு ஒரு ப்ரொஃபைல் (பெயர் வைத்த அமைப்பு) வையுங்கள், கட்டளைக்குக் கட்டளை ப்ரொஃபைல் பெயரைச் சொல்லுங்கள். அதில் சாவி வாங்கித் தரும் ப்ரோகிராமை, கிரெடென்ஷியல் ப்ராசஸ் என்பார்கள், வைத்தால் டோக்கன் தீர்ந்ததும் அதுவே புதிதாக வாங்கும், ஒட்டுகிற வேலையே இல்லை. எக்ஸ்போர்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் பாஷின் ஹிஸ்ட்கன்ட்ரோல் அமைப்பில் இக்னோர்ஸ்பேஸ் போட்டு, வரிக்கு முன் ஒரு இடைவெளி விடுங்கள், ஹிஸ்டரியில் ஏறாது. ப்ரொடக்‌ஷனுக்கு 12 மணி நேரம் எதற்கு? ரோலின் இயல்புக் கெடு 1 மணி நேரம், அது போதும். டெர்மினல் நிறத்தையும் மாற்றுங்கள், ப்ரொடக்‌ஷன் என்றால் சிவப்பு...

மாயவரத்தாள்:
யோசனை யார் கேட்டார்கள் அண்ணே? ப்ரொஃபைல் எங்களிடமும் இருந்தது. வாட்ஸ்அப்பில் போனதை ப்ரொஃபைல் தடுக்குமா? ஏடபிள்யூஎஸ்ஸில் உரிமைகளைக் கவனிக்கும் ஐஏஎம்-இல் அந்த ரோலின் பழைய செஷன்களை ரிவோக், அதாவது ரத்து, செய்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த நேரத்துக்கு முன் வாங்கிய டோக்கனுக்கெல்லாம் தடை விழுந்துவிடும். மேனேஜருடைய டோக்கனும் சேர்ந்து போனது, அவருக்குக் கோபம்.

குடந்தைக்காரன்:
எல்லாம் சரி, புதுப் பேனுக்கு 'ப்ராட்' எங்கிருந்து வந்தது? அதை யாரும் சொல்லவில்லையே.

ஆரூர் தேர்முட்டி:
டிமக்ஸ் சர்வர் (பின்னால் ஓடும் அதன் முதல் ப்ரோகிராம்) கிளம்பும்போது இருந்த சூழலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். புதுப் பேன் அதைத்தான் எடுக்கும். பக்கத்துப் பேனில் அப்புறம் எக்ஸ்போர்ட் செய்தது அதற்குத் தெரியாது. தம்பி ப்ரொடக்‌ஷன் ஷெல்லில் டிமக்ஸைத் திறந்தான் இல்லையா, அங்கேயே முடிந்தது கதை. டிமக்ஸ் ஷோ-என்விரான்மென்ட், கூட மைனஸ் ஜி போட்டுப் பாருங்கள், காலை டோக்கன் அப்படியே உட்கார்ந்திருக்கும்.