ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குக் கையால் செய்து படிக்கும் செயல்பாடுகள்: 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்

கேட்டவர்: கரும்பலகை

வணக்கம். ஒன்றும் இரண்டும் சேர்த்து உட்காரும் வகுப்பு, மொத்தம் 32 பிள்ளைகள். ஒரு பாடவேளை 40 நிமிடம். தண்ணீர் வசதி வகுப்புக்கு வெளியே. கத்தரிக்கோல் எட்டுதான் இருக்கிறது.

"ஜாலியான செயல்பாடுகள்" என்று தேடினால் ஐம்பது, நூறு என்று பட்டியல் கிடைக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகள் வெட்டி ஒட்டிவிட்டுப் போவதுதான், அதில் என்ன கற்றார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. எனக்குப் பட்டியல் வேண்டாம். கணக்கு, தமிழ், அறிவியல் மூன்றிலும் தலா ஒன்று சொன்னால் போதும். என்னென்ன பொருள், எத்தனை, எங்கே சொதப்பும் என்பதோடு சொல்லுங்கள்.

தமிழுக்கு உயிர்மெய்ச் சக்கரம் செய்யலாம் என்று யோசனை. வெளிவட்டத்தில் 18 மெய், உள்வட்டத்தில் 12 உயிர், நடுவில் ஒரு ஆணி. சரிவருமா?

---

பதில் 1: பத்துக்கட்டு

கணக்குக்கு நான் சொல்வது குச்சிக்கட்டு ஆட்டம். இடமதிப்பு, சேர்த்தல், கடன் வாங்கிக் கழித்தல் மூன்றுக்கும் இது ஒன்றே போதும்.

நான்கு பேருக்கு ஒரு குழு, அதற்குள் இரண்டு ஜோடி. குழுவுக்கு 70 குச்சி (ஐஸ் குச்சி நல்லது), இரண்டு பகடை, ஆறு ரப்பர் பேண்ட், ஜோடிக்கு ஒரு ஏ4 தாள். தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் "பத்து", வலப்பக்கம் "ஒன்று" என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி இரண்டு பகடையையும் உருட்டும். விழுந்த எண்ணிக்கைக்குக் குச்சி எடுத்து வலப்பக்கம் வைக்கும். விதி ஒன்றே ஒன்றுதான்: வலப்பக்கத்தில் ஒன்பதுக்கு மேல் தங்கக் கூடாது. பத்து சேர்ந்த உடனே கட்டி இடப்பக்கம் தள்ள வேண்டும். முதலில் மூன்று கட்டு சேர்த்த ஜோடிக்கு வெற்றி.

70 என்பது கணக்குப் போட்டு வந்த எண். வெல்லும் ஜோடி 29-இல் இருந்து 12 போட்டாலும் 41தான். மற்றவர்களிடம் அதிகபட்சம் 29. ஆக 70. இரண்டு பகடையின் சராசரி 7 என்பதால் ஜோடிக்கு நாலைந்து உருட்டலில் ஓர் ஆட்டம் முடியும், மூன்று முறை ஆட நேரம் இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் ஆடும்போது ஒரு பகடை, இலக்கு 20, குச்சி 44 போதும்.

இனி சொதப்பும் இடங்கள்.

எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள். எதிரில் இருப்பவருக்குத் தாள் தலைகீழ், பத்து வலப்பக்கம் போய்விடும். ஜோடி இருவரும் ஒரே பக்கம் உட்கார வேண்டும்.

கட்டுகளை நீங்களே முன்கூட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டால் ஆட்டமே வீண். எண்ணிக் கட்டுகிற அந்த நேரத்தில்தான் "பத்து ஒன்று சேர்ந்து ஒரு பத்து" என்பது உள்ளே இறங்குகிறது. சில கட்டில் 9 இருக்கும், சில கட்டில் 11. எதிர் ஜோடி சந்தேகப்பட்டால் கட்டை அவிழ்த்து எண்ணலாம் என்று ஒரு விதி போடுங்கள். தவறு இருந்தால் அந்தக் கட்டு முழுவதும் பொதுக்குவியலுக்குத் திரும்பும். ஆனால் வீண் சந்தேகத்துக்கு ஓர் உருட்டல் போகும், இல்லாவிட்டால் எல்லாக் கட்டையும் அவிழ்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மெல்லிய ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்ற ஆறு வயது விரலுக்கு வராது, அறுந்து முகத்தில் தெறிக்கவும் செய்யும். தலைமுடிக்குப் போடும் துணி சுற்றிய பேண்ட் நல்லது. உறிஞ்சுகுழல் வேண்டாம். உருளும், கட்டினால் நசுங்கி நழுவும்.

சேர்க்கும் ஆட்டம் இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு திருப்பிப் போடுங்கள். மூன்று கட்டோடு தொடக்கம், பகடை சொல்கிற அளவுக்குக் குச்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கையைக் காலி செய்தவர் வெற்றி. முதல் உருட்டலிலேயே 4 கேட்கும், கையில் தனிக்குச்சி இருக்காது. கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். பின்னால் "பக்கத்து இடத்தில் கடன் வாங்கு" என்று சொல்லும்போது அவர்கள் நினைவில் இந்த அவிழ்ப்பு இருக்கும். பத்தைக் குறிக்க ஒரே துண்டாக வரும் பத்துக்கோல் கட்டைகளில் இது நடக்காது. அந்தக் கோலை உடைக்க முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்; அது அடுத்த படி.

எழுத்து கடைசியில். ஒவ்வொரு உருட்டலுக்குப் பின்னும் தாளில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இருபத்தேழை 207 என்று எழுதுபவர்கள் வருவார்கள். காதில் விழுவது "இருபது", "ஏழு" என்பதால் கேட்டபடி எழுதுகிறார்கள். 20 என்று ஓர் அட்டை, 7 என்று பாதி அகல அட்டை. சின்ன அட்டையைப் பெரியதன் 0 மேல் வைத்து மூடிக் காட்டினால் தீர்ந்தது.

பிறகு பெரிய எண்ணுக்குப் போகும்போது தொண்ணூறில் கொஞ்சம் நில்லுங்கள். எண்பது வரை "பது" என்று முடிந்த வரிசை திடீரென்று "நூறு" என்று முடிகிறது, ஒன்பதின் சாயலும் அதில் காதுக்குத் தட்டுப்படாது. தொண்ணூற்று மூன்று என்றால் 103 எழுதும் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து "இதற்குப் பெயர் தொண்ணூறு" என்று பழக்குவதுதான் வழி.

---

பதில் 2: சங்கிலிக்கொம்பு

சக்கரம் சரிவராது, அதற்குக் காரணம் வடிவக்கணக்குதான். 18 பங்கு என்றால் ஒவ்வொன்றும் 20 பாகை, 12 பங்கு என்றால் 30 பாகை. ஒரு கோட்டை நேராக வைத்தால் பக்கத்துக் கோடு விலகும். எந்த எழுத்துக்கு எது நேர் என்று பிள்ளைக்குத் தெரியாது. மேலே ஒரு சன்னல் வெட்டிய மூன்றாம் வட்டு வைத்துச் சரிசெய்யலாம். ஆனாலும் சக்கரம் க் + எ என்று காட்டுமே தவிர, கெ என்று எப்படி எழுதுவது என்பதைக் காட்டாது. பிள்ளைகள் திணறுவது எழுதும் இடத்தில்.

யோசித்துப் பாருங்கள். "தேர்" என்று சொன்னால் முதலில் காதில் விழுவது த் ஓசை, பிறகு ஏ. கை முதலில் எழுத வேண்டியதோ இரட்டைக்கொம்பு. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை த-வை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடும். அது அடுத்த எழுத்தான ர-வுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "கோ" இன்னும் மோசம். ஓர் ஓசைக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி.

அதனால் நகர்த்தும் அட்டைகள் செய்யுங்கள். ஒரு ஜோடிக்கு:

க, ச, ட, த, ந, ப, ம, ர, ல, வ ஆகிய பத்தும் தலா இரண்டு, வெள்ளை அட்டையில். துணைக்கால் (ா), ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு தலா இரண்டு, சங்கிலிக்கொம்பு (ை) ஒன்று, வேறு நிற அட்டையில். எல்லாம் 6 செ.மீ. உயரம். குறிகளை அகலம் குறைத்து வெட்டலாம், உயரத்தைக் குறைக்காதீர்கள், வரிசை கோணலாகும். புள்ளிக்கு அட்டை வேண்டாம், மூன்று சட்டைப் பொத்தான் போதும். எழுத்தின் மேல் வைத்தால் புள்ளி, எடுத்தால் அகரம் வந்துவிடும்.

இதில் "பொம்மை" என்று கேளுங்கள். மேசையில் இடமிருந்து வலமாக ஒற்றைக்கொம்பு, ப, துணைக்கால், ம மேல் பொத்தான், சங்கிலிக்கொம்பு, இன்னொரு ம. பொத்தானைத் தள்ளி ஆறு அட்டை. சொல்லச் சொல்லப் பிள்ளை முதலில் ப-வைத்தான் எடுக்கும், எடுக்கட்டும். பிறகு கொம்பைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் சொருகும். பேனாவில் அந்தத் திருத்தத்துக்கு அழிரப்பர் வேண்டும், அட்டையில் ஒரு தள்ளு தள்ளினால் போதும். மேகம், சேவல், தேர், கோபம், கை, மரம் எல்லாம் இந்தப் பத்து எழுத்திலேயே அடங்கும். கோபத்துக்கு இரட்டைக்கொம்பும் துணைக்காலும் க-வின் இருபுறமும் வர வேண்டும். அங்கேதான் சண்டை நடக்கும், நல்ல சண்டை.

இதில் அடங்காதவை உண்டு. மேல்விலங்கு (ி), அதன் சுழி (ீ) இரண்டும் எழுத்தோடு ஒட்டுபவை. கண்ணாடித்தாளில் வரைந்து மேலே வைக்கலாம், டி-யும் டீ-யும் அப்போதும் சரியாக உட்காரா, தனி அட்டைதான். உகரமோ அட்டைக்கே மசியாது, எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடும். அதைத் தனி நாளில், மூன்று குடும்பமாகப் பிரிக்கும் விளையாட்டாக வையுங்கள்: வளைந்து சுற்றுபவை கு, டு, மு, ரு, ழு, ளு, கீழே கோடு இறங்குபவை ஙு, சு, பு, யு, வு, மீதி ஏழும் (ஞு, ணு, து, நு, லு, று, னு) கீழே போய் மேலே ஏறுபவை. 18 அட்டையைக் கலைத்துப் போட்டு, காரணம் சொல்லாமல் "ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேருங்கள்" என்றால் பிரித்துவிடுவார்கள்.

ஔகாரத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். கௌ-வைக் "கெள" என்று படிப்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

---

கரும்பலகை

நன்றி. 20 பாகை, 30 பாகை எனக்குத் தோன்றவே இல்லை. அட்டை ஜோடிக்கு 27, பதினாறு ஜோடிக்கு 432 வருகிறது. வெட்டி எடுக்க ஒரு வாரம் ஆகும், பரவாயில்லை. அறிவியலுக்கு மிதக்கும், மூழ்கும் செய்யலாமா? தண்ணீர் கொட்டுமே என்று பயம்.

---

பதில் 3: பத்துமணி

செய்யலாம். ஆனா பத்துப் பொருளை வாளியில போட்டு "மிதக்குது, மூழ்குது"ன்னு எழுதறது அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துடும், அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. களிமண் படகு வைங்க.

குழுவுக்கு ஒரு அகலமான ட்ரே, சுமார் 30 × 20 செ.மீ., அதுல 8 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணி. அஞ்சு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா வரும். ட்ரே 12 செ.மீ. உயரமாவது இருக்கணும். நீங்களே முன்னாடியே நிரப்பி, அடியில பழைய துணி விரிச்சு வச்சுடுங்க. பிள்ளைங்க தூக்கிட்டு நடந்தாத்தான் தண்ணி கொட்டும்.

எண்ணெய்க் களிமண் (ரப்பர் களிமண்ணும்பாங்க) ஜோடிக்கு 60 கிராம். சாதா மண்ணுக் களிமண் வேண்டாம், தண்ணியில கரைஞ்சு சேறாகி ட்ரே முழுக்கக் கலங்கிடும். உருண்டையா உருட்டச் சொல்லுங்க. போடறதுக்கு முன்னாடி மிதக்குமா மூழ்குமான்னு கை தூக்க வச்சு எண்ணிக்கையைப் பலகையில எழுதுங்க. போட்டா மூழ்கும். எல்லாரும் "கனமா இருக்கு, அதான்"ம்பாங்க. இப்ப கேளுங்க: "இதே களிமண், கிள்ளி எடுக்கக் கூடாது, மிதக்க வைக்க முடியுமா?" படகுங்கற வார்த்தைய மட்டும் நீங்க சொல்லிடாதீங்க.

முக்கியமான ஒண்ணு. மூழ்கின களிமண்ணை எடுத்த உடனே துணியால நல்லாத் துடைக்கணும். ஈரமா இருந்தா தன்னோட தானே ஒட்டாது, மடிச்ச இடமெல்லாம் விரிசல் விட்டு ஒழுகும். பாதிப் பேர் "என்னோடது மிதக்கவே மாட்டேங்குது"ன்னு சோர்ந்து போறது இதனாலதான். சுவரைத் தனியா செஞ்சு ஒட்டறதும் ஒழுகும். ஒரே கட்டியைக் கட்டைவிரலால குழிச்சுக் கிண்ணமாக்கணும்.

மிதந்ததும் சுமை ஏத்தற போட்டி. கோலிக்குண்டு வேண்டாம், உருண்டு ஒரு பக்கம் சேர்ந்து கவிழ்த்துடும். ஒரே அளவு இரும்பு வாஷர் வைங்க. 8 செ.மீ. சதுரம், 2 செ.மீ. சுவர்னா முழுக்க அமுங்கற வரைக்கும் 128 கிராம் தாங்கும், படகோட எடை 60 போனா மிச்சம் 68. அஞ்சு கிராம் வாஷர் கணக்குப்படி 13. நடைமுறையில எட்டு, ஒன்பதுல தண்ணி உள்ள ஏறிடும், ஏன்னா சுவர் எங்கேயாவது ஒரு இடத்துல தாழ்வா இருக்கும். எந்த இடத்துல தண்ணி நுழைஞ்சுதுன்னு காட்டச் சொல்லுங்க, அடுத்த படகு தானா நல்லா வரும்.

முடிவுல உருண்டையையும் படகையும் தராசுல வைங்க, சமமா நிக்கும். "கனமானது மூழ்கும்" அங்க ஆட்டம் காணும். விதியெல்லாம் இந்த வயசுக்கு வேண்டாம். ஒரு காலி டம்ளரை நிமிர்த்தி வச்சுத் தண்ணியில அமுக்கச் சொல்லுங்க, தண்ணி கையை மேல தள்ளறது தெரியும். அது போதும்.

பத்துக்கட்டு சொன்னதுல ஒரே ஒரு மாற்றம். ரெண்டு வகுப்பும் சேர்ந்த குழுவுல பெரியவங்களே எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுடுவாங்க. "கை சின்னவங்களுக்கு, வாய் பெரியவங்களுக்கு"ன்னு வைங்க. பெரியவர் சொல்லலாம், தொடக் கூடாது. பாதியில மாத்திக்கலாம்.

நேரம்: விளக்கம் 5 நிமிஷம், பொருள் கைக்குப் போறதுக்கு முன்னாடியே. களிமண் கையில வந்துட்டா அப்புறம் நீங்க சொல்றது யார் காதுலயும் ஏறாது. வேலை 20, பேச்சு 7, எடுத்து வைக்க 8. எடுத்து வைக்கறதுக்கு 8 அதிகம்னு தோணும், தண்ணி இருக்கற நாள்ல அதுவும் பத்தாது.

---

பதில் 4: அரைத்தாள்

நிறையத் தண்ணீர் எடுத்துவர முடியாத நாளுக்கு ஒன்று: எட்டு டம்ளர், ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. உயரம் மட்டும் தண்ணீர், 2 செ.மீ. அகலத்தில் வெட்டிய வடிதாள் பட்டைகள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா. அடியிலிருந்து 2 செ.மீ. மேலே ஒரு கோடு, பட்டையை ஒரு பென்சிலில் சுற்றித் தொங்கவிட்டால் பத்து நிமிடத்தில் கறுப்பு பல நிறமாகப் பிரிந்து ஏறும். கோடு தண்ணீருக்குள் மூழ்கினால் மை டம்ளரிலேயே கரைந்துவிடும், அதனால்தான் 1, 2 என்ற அளவு. அழியாத மார்க்கர் அசையவே அசையாது. பட்டையில் பெயரைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனாவால் எழுதினால் பெயரும் சேர்ந்து ஏறிப் போய்விடும்.

---

கரும்பலகை

அப்படியென்றால் முதல் வாரம் குச்சிக்கட்டு, அட்டை வெட்டி முடிந்ததும் தமிழ், கடைசியாகப் படகு. களிமண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

---

பதில் 3: பத்துமணி

தாராளமா. துடைச்சு, காத்துல ஒரு மணி நேரம் உலரவிட்டு, நிறம் கலந்ததைப் பத்திக் கவலைப்படாம 60 கிராம் உருண்டையா உருட்டி மூடின டப்பாவுல போடுங்க. ஈரத்தோட மூடினா அடுத்த தடவை ஒட்டாது. வாஷரையும் துடைச்சு வைங்க, துருப்பிடிச்சா எடை மாறாட்டியும் பிள்ளைங்க கை சிவந்துடும்.